பள்ளி இசைக்குழுவுக்கான பதிவு ஆடிஷன்: பிள்ளை இன்று வாசிப்பது அப்படியே ஆசிரியர் காதுக்குப் போகட்டும்

நிலைப்பாட்டு அறிக்கை

டெக்சஸ் மாநிலப் பள்ளிகளில் பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், அவர்களுக்குத் தனிப்பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் சேர்ந்த தமிழ் அமைப்பு எங்களுடையது. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் புறநகர்களில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரலும் மேயும் ஆடிஷன் காலம். அடுத்த கல்வியாண்டில் பிள்ளை எந்த இசைக்குழுவில் உட்காரும், முதல் குழுவிலா, இரண்டாவதிலா, மூன்றாவதிலா என்பது அப்போதுதான் முடிவாகிறது. முன்பு இசைக்குழு டைரக்டரின் அறைக்குப் போய் ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு வந்தால் முடிந்தது. இப்போது பல பள்ளிகள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்கின்றன.

இந்த மாற்றத்தில் நன்மை உண்டு. ஆனால் அது வீடுகளுக்குள் கொண்டுவந்த பதற்றத்தையும், பிள்ளைகளுக்கிடையே உண்டாக்கிய ஏற்றத்தாழ்வையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. இரவு பதினொரு மணிக்கு, உதடு வீங்கிய நிலையில், மறுபடியும் ஒரு டேக் எடுக்கச் சொல்லப்படும் பிள்ளைக்காக இதை எழுதுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு, சுருக்கமாக

1. இடம் தீர்மானிக்கும் பதிவு, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த ஒரே டேக்காக இருக்க வேண்டும்.
2. எத்தனை டேக் எடுக்கலாம் என்பதைப் பள்ளியே அறிவிக்க வேண்டும். மூன்று போதும் என்பது எங்கள் கருத்து.
3. முடிந்தவரை பதிவைப் பள்ளியிலேயே, பள்ளி நேரத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறையில், ஒரே பதிவுக் கருவியில் எடுக்க வேண்டும்.
4. வாசிக்க வேண்டிய பகுதியும் மதிப்பெண் அளவுகோலும் குறைந்தது ஆறு வாரம் முன்பே எல்லார் கைக்கும் வர வேண்டும்.
5. மதிப்பிடுபவர் பெயர், முகம், வீடு எதையும் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்க வேண்டும்.
6. சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத தாளை வாசிப்பது) நேரில் மட்டுமே நடக்க வேண்டும்.
7. முடிவோடு சேர்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரியாவது கருத்துச் சொல்ல வேண்டும்.

பதிவு ஏன் வந்தது, ஏன் போகாது

கொரோனா பரவிய 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியில்லாமல் பதிவுக்கு மாறியவர்கள் பலர். ஆனால் அதற்கு முன்பே இந்த வழி இருந்தது. 2009-ல் யூடியூப் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்கள் வீடியோ அனுப்பித் தேர்வாகி, நியூயார்க் கார்னகி ஹாலில் மைக்கேல் டில்சன் தாமஸ் தலைமையில் வாசித்தார்கள். 2013-ல் முதன்முதலாகக் கூடிய அமெரிக்கத் தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவும் பதினாறு முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைப் பதிவு வழியாகவே தேர்ந்தெடுக்கிறது. கல்லூரி இசைத் துறைகளில் சேர விரும்புவோரும் முதல் கட்டத்தில் பதிவு அனுப்புவது சாதாரணம். ஆகவே நன்றாகப் பதிவு செய்யக் கற்பது பிள்ளைகளுக்குப் பிற்காலத்திலும் உதவும்.

பள்ளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு நடுநிலைப் பள்ளி பேண்டில் 200 பிள்ளைகள் இருந்தால், ஆளுக்கு 6 நிமிடம் என்று வைத்தாலும் 20 மணி நேரம். அந்த நேரத்தை டைரக்டர்கள் வகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். பதிவு இருந்தால் மாலையில் கேட்கலாம், சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கலாம், இரண்டாவது ஆசிரியரையும் கேட்கச் சொல்லலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் நொடிப் பதற்றத்திலேயே எல்லாம் போய்விடாது. இவற்றை நாங்கள் மனதார ஏற்கிறோம். எங்கள் கவலையெல்லாம் பதிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

ஒரே டேக், மூன்று முயற்சி

இடம் தீர்மானிக்கும் ஆடிஷன் பரிசுப் போட்டி அல்ல. பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியருக்குச் சொல்வதே அதன் வேலை. அதைக் கேட்டுத்தான் அடுத்த ஆண்டு எந்தப் பாடல்களைக் கொடுப்பது, எந்தப் பகுதியை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் திட்டமிடுகிறார். இரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பை நிறுத்திச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினால் மருந்தின் அளவு தப்பிவிடுமே, அதுபோல அறுபதாவது டேக்கில் அதிர்ஷ்டவசமாக வந்த வாசிப்பை அனுப்பினால் பிள்ளைக்குக் கிடைக்கும் இடமும் தப்பிவிடும். ஆகஸ்டில் மேல் குழுவில் உட்கார்ந்து, தினமும் தன்னால் எட்ட முடியாத பகுதியை எதிர்கொள்ளப்போவது பிள்ளைதான்.

உடல் சார்ந்த காரணமும் உண்டு. டிரம்பெட், ஹார்ன் வாசிக்கும் பிள்ளைகளின் உதட்டுத் தசை சீக்கிரம் களைத்துவிடும். நான்காவது, ஐந்தாவது டேக்கில் மேல் சுரங்கள் வெடிப்பதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, களைப்பு. அந்த நேரத்தில் இன்னும் அழுத்தி வாசித்தால் தவறான பழக்கம் படிந்துவிடும். வயலின் பிள்ளைக்கு இடது தோளும் கழுத்தும் இறுகும். மூன்று டேக்குக்குப் பிறகு காது சோர்ந்து, எது நல்ல டேக் என்று பிரித்தறியும் திறமையும் குறைகிறது.

ஆகவே எங்கள் பரிந்துரை இது. ஒரே அமர்வில் அதிகபட்சம் மூன்று டேக். ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிட ஓய்வு. மூன்றில் எதை அனுப்புவது என்பதைப் பிள்ளையே தேர்வு செய்யட்டும். ஒரு டேக்கில் ஒரு சுரம் தப்பி, மற்றதெல்லாம் உயிரோடு வந்திருந்தால் அதையே அனுப்பலாம். தப்பிய சுரத்தைத் தாண்டி இசையைக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் டைரக்டர்கள்.

ஒரு டேக்கின் முதல் பாதியையும் இன்னொன்றின் இரண்டாம் பாதியையும் ஒட்டுவது, சுருதியைத் திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்துவது, வேகத்தைக் கூட்டுவது, எதிரொலி சேர்ப்பது ஆகிய எல்லாவற்றையும் நாங்கள் எதிர்க்கிறோம். 1997-ல் ஆட்டோ-டியூன் ஸ்டூடியோக்களுக்கு வந்தபோது அது தொழில்முறைப் பதிவுக்கான கருவியாக இருந்தது. இன்று அதைப் போன்ற வசதி பிள்ளையின் கைபேசியிலேயே கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காகப் பயன்படுத்தக் கூடாது. அப்படிச் செய்யும்படி பிள்ளையிடம் நாம் சொன்னால், உன் வாசிப்பு போதாது என்று நாமே சொன்னதாகிவிடும்.

அறையும் கைபேசியும்

விலை உயர்ந்த மைக் வாங்கிக் கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்ற நம்பிக்கை பெற்றோரிடையே பரவியிருக்கிறது. அது தேவையில்லை என்பது எங்கள் தெளிவான கருத்து. ஆனால் கைபேசி ஒலியை எப்படிக் கையாள்கிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைபேசியின் மைக் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. மெல்லிய குரலைத் தானாகவே உயர்த்தும், உரத்த குரலைத் தானாகவே அடக்கும். ஒரு பிள்ளை எட்யூட் என்ற பயிற்சிப் பகுதியை மிக மென்மையாகத் தொடங்கி எட்டு பார்களில் படிப்படியாக ஓங்கச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையில் நின்று கேட்கும் அம்மாவுக்கு அந்த வளர்ச்சி தெளிவாகக் கேட்கிறது. கைபேசியோ தொடக்கத்தை உயர்த்தி முடிவை அடக்கி, எட்டு பார்களையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பதிவு செய்துவிடுகிறது. கேட்கும் டைரக்டர் ஒலி வேறுபாடு என்ற வரிசையில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பிள்ளை செய்யாத தவறுக்குப் பிள்ளை தண்டனை பெறுகிறது. சத்தக் குறைப்பு வசதி இருந்தால் இன்னும் மோசம். நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். வீடியோ அழைப்புச் செயலிகளில் இசைக்கலைஞர்களுக்கென்று அசல் ஒலி அமைப்பு தனியாக இருப்பது இதனால்தான்.

இதைச் சமாளிக்கப் பணம் வேண்டாம். சத்தக் குறைப்பை அணைக்கவும். தானாக ஒலியைச் சரிசெய்யும் வசதியை அணைக்க முடிந்தால் அணைக்கவும். கைபேசியை ஐந்து முதல் ஏழு அடி தள்ளி, பிள்ளையின் மார்பு உயரத்தில் வைக்கவும். இசைத்தாள் இருக்கும் ஸ்டாண்டிலேயே கைபேசியை வைத்தால் தாள் புரளும் சத்தமும் ஸ்டாண்டின் அதிர்வும் சேர்ந்து விழும். தனி நாற்காலியில் மடித்த துண்டின் மேல் வைப்பது நல்லது. டிரம்பெட், டிராம்போன் வாசிப்பவர்கள் கருவியின் வாயை மைக்குக்கு நேராகத் திருப்பாமல் சற்று விலக்கிப் பிடிக்கட்டும். புல்லாங்குழலில் காற்றின் சீறல் நேராக மைக்கில் படாமல் பக்கவாட்டில் நிற்கட்டும். எட்யூட்டின் மிக உரத்த நான்கு பார்களை முதலில் வாசித்து அளவைப் பார்க்கவும். செயலி அளவுமானி காட்டினால் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால் ஒலி கிழியும், பிறகு அதை எவராலும் சரிசெய்ய முடியாது.

அறையைப் பொறுத்தவரை, குளியலறை வேண்டாம். எதிரொலியில் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வேகமான பகுதி குழம்பிவிடும். துணி நிறைந்த சிறிய அலமாரி அறையும் வேண்டாம். அங்கே டோன் வறண்டு கேட்கும். தரைவிரிப்பும் புத்தக அலமாரியும் உள்ள சாதாரண அறையே நல்லது. சீலிங் ஃபேன், ஃப்ரிட்ஜ், அடுப்பில் வைத்த குக்கர், வாசல் மணி எல்லாம் பதிவில் விழும். ஏசியை அணைத்தால் மே மாத டெக்சஸில் அறை சில நிமிடத்தில் சூடாகிவிடும். சூடு ஏறினால் காற்றுக் கருவிகளின் சுருதி ஏறும், வயலினின் தந்திகள் தளரும். ஆகவே ஏசியை அணைத்த பிறகு மறுபடி ட்யூனரைப் பார்த்துச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும்.

கருவியையும் கவனிக்க வேண்டும். வயலினுக்குப் புதுத் தந்தி போட்டால் அது நிலைபெறச் சில நாட்கள் ஆகும். ஆடிஷனுக்கு முந்தின நாள் மாற்றினால் ஒவ்வொரு வரியிலும் சுருதி இறங்கும். கிளாரினெட், சாக்ஸபோன் பிள்ளைகள் இரண்டு, மூன்று ரீடுகளை முன்கூட்டியே வாசித்துப் பழக்கி வைத்திருக்கட்டும். பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த ரீடை ஆடிஷன் நாளில் நம்ப முடியாது.

இத்தனையும் எழுதிவிட்டுச் சொல்கிறோம்: இவை எல்லாக் குடும்பத்துக்கும் சாத்தியமில்லை. அபார்ட்மெண்டில் வசிக்கும் குடும்பத்தில் கைக்குழந்தை இருக்கலாம். மேல்மாடிக்காரர் சுவரைத் தட்டலாம். அப்பா இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்கலாம். அமைதியான தனியறை இல்லாததற்காக எந்தப் பிள்ளையும் கீழ்க்குழுவுக்குப் போகக் கூடாது. அதனால்தான் பள்ளியிலேயே, பயிற்சி அறை ஒன்றில், ஒரே பதிவுக் கருவியை ஓரிடத்தில் பொருத்தி வைத்து, வகுப்பு நடக்கும்போதே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வாசித்துவிட்டு வரும் முறையை நாங்கள் முதல் தேர்வாக முன்வைக்கிறோம். டைரக்டருக்கும் நேரம் மிச்சமாகும், பிள்ளைகளுக்கும் களம் சமமாகும். வீட்டிலிருந்து அனுப்புவது மாற்று ஏற்பாடாக மட்டும் இருக்கட்டும்.

ஆறு வாரத் தயாரிப்பு

நல்ல பதிவு பதிவு நாளில் உருவாவதில்லை. ஆறு வாரம் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் பதறாமல் தயாராகலாம்.

முதல் வாரம் கருவியைத் தொடுவதற்கு முன் தாளைப் படிக்க வேண்டும். எந்த ஸ்கேலில் இருக்கிறது, எங்கே மூச்சு, எங்கே வில் திரும்புகிறது, எந்த இரண்டு பார்கள் கடினம் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் மெட்ரோனோமுடன் மெதுவான பயிற்சிக்கு. தாளில் வேகம் 88 என்று இருந்தால் 56-ல் தொடங்கி, மூன்று முறை தவறின்றி வாசித்த பிறகு 4 கூட்டலாம். நான்காம் வாரம் ஒரு சோதனைப் பதிவு. அதை அனுப்பப் போவதில்லை என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மறுநாள், மதிப்பெண் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை தன் வாசிப்பைத் தானே கேட்கட்டும். டோன், சுருதி, தாளம், நாக்கின் அல்லது வில்லின் தெளிவு, ஒலி வேறுபாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கேட்கலாம். இந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை கற்பது அதிகம். ஐந்தாம் வாரம் அப்படிக் கண்டுபிடித்ததைச் சரிசெய்ய. ஆறாம் வாரம் புதன் அல்லது வியாழன் மாலை இறுதிப் பதிவு. கடைசித் தேதி ஞாயிறு நள்ளிரவு என்றால் ஞாயிறு வரை இழுக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 88-ல் தடுமாறும் பிள்ளை 76-ல் தெளிவாக வாசித்தால் 76-லேயே அனுப்பலாம். நிலையான தாளமும் நல்ல டோனும் கேட்பவருக்கு நம்பிக்கை தரும். ஓடிவிழும் வேகம் தராது.

ஸ்கேல்களை இறுதி வாரத்துக்கு விட்டுவைக்கும் வழக்கமும் மாற வேண்டும். பேண்டில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது பி ஃபிளாட் மேஜர். இங்கே பெற்றோர் பலர் குழம்புகிறார்கள். பி ஃபிளாட் ஒலிக்க வேண்டுமென்றால் கிளாரினெட், டிரம்பெட் பிள்ளையின் தாளில் சி என்று இருக்கும், ஆல்டோ சாக்ஸபோன் தாளில் ஜி, ஹார்ன் தாளில் எஃப். ட்யூனரில் பி ஃபிளாட் என்று வருவதைப் பார்த்துவிட்டு, தவறாக வாசிக்கிறாய் என்று பிள்ளையைத் திருத்த வேண்டாம். பிள்ளை சரியாகத்தான் வாசிக்கிறது.

கர்நாடக இசையும் கற்கும் பிள்ளைகள்

எங்கள் குடும்பங்களில் பல பிள்ளைகள் சனிக்கிழமை கர்நாடக வயலினோ வாய்ப்பாட்டோ கற்று, திங்கட்கிழமை பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் உட்காருகிறார்கள். ஆடிஷன் நெருங்கும்போது, குழப்பம் வரும் என்று பாட்டு வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோரைப் பார்க்கிறோம். நிறுத்த வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கர்நாடக வயலினில் தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று பாடுபவரின் சுருதிக்கேற்பச் சேரும். பள்ளியில் ஜி-டி-ஏ-இ என்று நிலையாக, ஏ 440 அதிர்வில் சேரும். தரையில் அமர்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிப் பழகிய பிள்ளை, நாற்காலியில் தோளில் தாங்கி வாசிக்கும்போது இடது கை விடுதலையாக நகர வேண்டியிருக்கும். டி மேஜர் ஸ்கேல் வாசிக்கும்போது சங்கராபரணத்தின் பழக்கத்தில் ரிஷபத்தையும் மத்திமத்தையும் லேசாக அசைத்து ஏறினால், நமக்கு அது ராகம். பதிவைக் கேட்கும் டைரக்டருக்கு அது சுரத்தில் நிற்காத விரல். நேரில் கேட்டால் அவர் ஒரு கேள்வி கேட்டுப் புரிந்துகொள்ளலாம். பதிவில் அதற்கு வழியில்லை.

இதற்கு நம் மரபிலேயே மருந்திருக்கிறது. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் நொட்டுஸ்வரங்கள் இயற்றினார். கமகமில்லாமல் நேரான சுரங்களில் பாடப்படும் அந்தப் பாட்டுகளை இரண்டு வாரம் வயலினில் வாசித்தால், சுரத்தில் அசையாமல் நிற்கும் பழக்கம் பிள்ளைக்குக் கைவந்துவிடும்.

தாளத்திலோ நம் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பிலேயே பலம் உண்டு. ஒரு பீட்டில் நான்கு சுரம் வந்தால் தகதிமி, மூன்று வந்தால் தகிட, ஐந்துக்கு தகதகிட என்று சொல்லிப் பழகியவர்கள், இரண்டு சுரத்திலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் தடுமாற மாட்டார்கள். நீண்ட இடைவெளிகளை விரலில் எண்ணிக் காத்திருக்கவும் அவர்களுக்குத் தெரியும். எட்யூட்டை வாசிக்கும் முன் அதைச் சொல்கட்டாகச் சொல்லிப் பார்க்கும்படி எங்கள் ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள்.

பெயர் வேண்டாம், முகம் வேண்டாம்

பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1952-லேயே ஆடிஷனில் திரை கட்டியது. 1970-களிலிருந்து மற்ற அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களும் அந்த வழிக்கு வந்தன. டெக்சஸின் மண்டல, மாநில அளவிலான தேர்வுகளிலும் நடுவர் மாணவரைப் பார்க்காமல் கேட்பது வழக்கம். பள்ளிக்குள் நடக்கும் ஆடிஷனுக்கும் அதே மரியாதை வேண்டும். கோப்பில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். பதிவின் தொடக்கத்தில் பிள்ளை பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் உச்சரிப்பே அடையாளமாகிவிடும். மதிப்பெண் ஒலிக்கு மட்டுமே.

வீடியோ தேவைப்படும் இடங்கள் உண்டு. டிரம் வாசிப்பில் எந்தக் கை அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். வாசிப்பது யார் என்பதையும் உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம். அப்போதும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகே வீடியோ திறக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம்.

அனுப்பிய பதிவு எங்கே போகிறது என்பதும் எங்கள் கவலை. மாணவர் ஆவணங்களைப் பார்க்கவும், அவை பிறர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தவும் 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்வித் தனியுரிமைச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவலை இணையதளங்கள் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 1998-ல் இயற்றப்பட்ட சட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான் வயது. பதிவை யார் கேட்பார்கள், எந்தத் தளத்தில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பள்ளி எழுத்தில் சொல்ல வேண்டும். யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுத் தளத்தில் பிள்ளையின் வீடியோவை ஏற்றச் சொல்லக் கூடாது.

சைட் ரீடிங் நேரில்

முன்பின் பார்க்காத தாளை வாசிக்கும் திறமையைப் பதிவு காட்டாது. வீட்டில் தாளைத் திறந்து பத்து நிமிடம் பழகிவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரும். நேர்மையான பிள்ளையே அதில் நஷ்டப்படும். டெக்சஸில் பள்ளிக் குழுக்கள் வசந்த காலத்தில், பள்ளிகளுக்கிடையிலான போட்டி அமைப்பான யூஐஎல் நடத்தும் மதிப்பீட்டுக்குப் போகும்போது சைட் ரீடிங் அறையில் அவர்களின் உண்மை நிலை தெரிந்துவிடுகிறது. ஆகவே தயாரித்த பகுதி பதிவாகவும், சைட் ரீடிங் இரண்டு நிமிடம் நேரிலும் நடப்பதே சரியான கலவை.

மாற்றுக் கருத்துகளுக்கு எங்கள் பதில்

டேக் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் உழைக்கும் பிள்ளைக்குத் தண்டனை அல்லவா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். உழைப்புக்கு ஆறு வாரம் இருக்கிறது. சோதனைப் பதிவுகள் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கட்டுப்பாடு இறுதி நாளுக்கு மட்டும்தான். மேடையில் ஒரே ஒருமுறை வாசிக்கும் மனத்தெம்பை இந்தக் கட்டுப்பாடுதான் வளர்க்கிறது.

மற்றவர்கள் வெட்டி ஒட்டி அனுப்பும்போது எங்கள் பிள்ளை மட்டும் ஏன் நேர்மையாக இருந்து இடத்தை இழக்க வேண்டும் என்ற கேள்வியும் வருகிறது. கேள்வியின் வலி எங்களுக்குப் புரிகிறது. அதற்கு விடை நாமும் வெட்டுவதல்ல. பள்ளியிலேயே, ஒரே அறையில் பதிவு எடுக்கும் முறையைச் சேர்ந்து கேட்பதுதான்.

முடிவு வந்த பிறகு

இரண்டாம் குழுவில் இடம் கிடைப்பது தோல்வி அல்ல. அங்கே முதல் பகுதியை வாசிக்கும் பிள்ளைக்குத் தனித்து ஒலிக்கவும், பிரிவை முன்னின்று நடத்தவும் வாய்ப்புக் கிடைக்கிறது. மேல் குழுவின் கடைசி இருக்கையில் ஒளிந்து வாசிக்கும் பிள்ளையைவிட அது வேகமாக வளரலாம். ஆனால் பிள்ளை அதை நம்ப வேண்டுமென்றால், ஏன் இந்த இடம் என்று யாராவது சொல்ல வேண்டும். வலுவானது ஒன்று, வளர்க்க வேண்டியது ஒன்று என இரண்டு வரி போதும். பதிவு கையில் இருப்பதால், எந்த பாரில் என்று சுட்டிக்காட்டவும் டைரக்டரால் முடியும். நேரடி ஆடிஷனில் இல்லாத இந்த வசதியைப் பள்ளிகள் வீணாக்கக் கூடாது.

பள்ளிகளிடம் நாங்கள் கேட்பது

மேலே சொன்ன ஏழு அம்சங்களையும் எழுத்து வடிவில் ஆடிஷன் விதிகளில் சேர்க்க வேண்டும். பள்ளியில் பதிவு செய்ய இடம் ஒதுக்க வேண்டும். வீட்டில் எடுத்த பதிவில் கைபேசியின் கோளாறு என்று தோன்றினால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் பிள்ளையை அழைத்து நேரில் கேட்க வேண்டும். பட்டியலைப் பெயர் வரிசையாக அன்றி எண்களாக வெளியிட வேண்டும்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது

பதிவின்போது அறைக்குள் இருக்க வேண்டாம். பொத்தானை அழுத்துவதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். புதுக் கருவியோ மைக்கோ வாங்குவதற்கு முன் டைரக்டரிடம் கேளுங்கள். அந்தப் பணம் நான்கு தனிப்பாடத்துக்குப் போனால் பயன் அதிகம். முடிவு வந்த அன்றிரவே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுத வேண்டாம். முதலில் பிள்ளை தானே டைரக்டரிடம் போய்ப் பேசட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தக் குழு என்று சாப்பாட்டு மேசையில் கேட்க வேண்டாம்.

நாங்கள் செய்யப்போவது

எங்கள் அமைப்பின் ஆசிரியர்கள் எவரும் வெட்டி ஒட்டிய பதிவைத் தயாரிக்க உதவ மாட்டார்கள். ஆடிஷன் காலத்துக்கு முன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பதிவு செய்யும் முறையைக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுப்போம். அமைதியான அறை இல்லாத குடும்பங்களுக்கு, எங்கள் உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் அரைமணி நேரம் இடம் கொடுப்பார்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, கேட்கும் எந்தக் குடும்பத்துக்கும். பதிவுக்கான அறையை ஒழுங்குபடுத்தவும், வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கவனிக்கவும் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்புவோம்.

இந்த அறிக்கையைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோரும் தங்கள் பள்ளியின் இசை டைரக்டரைச் சந்தித்து, அடுத்த ஆடிஷனுக்கு முன் பள்ளியிலேயே பதிவு செய்யும் அறை ஒன்றைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறோம். ஏழு அம்சங்களில் ஒன்றைத்தான் உடனே தர முடியும் என்று பள்ளி சொன்னால், அந்த அறையைக் கேளுங்கள். அது கிடைத்தால் வீட்டு வசதியும் வாங்கும் சக்தியும் ஆடிஷனிலிருந்து விலகிவிடும், பிள்ளையின் ஆறு வார உழைப்பு மட்டுமே ஆசிரியரின் காதை எட்டும்.